கண் வரைகிறவள்

கண் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, கை கழுவும் இடத்தையும் தாண்டிப் போனால் கடைசியில் ஓர் அறை வரும். கதவில் பலகை இருக்காது. கீழே விசாரித்தால், "நேரா போங்க, முடிவுல கண்ணக்கா ரூம்" என்பார்கள். அந்த அறையில் ஒரு பெண் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து கண் செய்தாள்.

விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு வைக்கிற கண். அது பார்க்காது. பார்ப்பது போல இருக்கும். முதலில் கண்குழிக்கு அச்சு எடுத்து, மெழுகில் வடித்து, பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்து, பிறகு அக்ரிலிக்கில் வார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு மாதிரி தச்சு வேலை. கஷ்டம் கருவிழியில்தான். சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்துப் பார்த்து, மெல்லிய தூரிகையால் வரைய வேண்டும். வெள்ளைப் பகுதியில் ஓடும் ரத்த நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, ஒற்றை இழையாக ஒட்ட வேண்டும். மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம். அப்புறம் பாலிஷ்.

ஒரு சமயம் வரவேற்பில் இருந்த பெண், "அக்கா, பையை இங்க வைக்கிறேன், அது மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றாள். இவள் நிமிராமலே, "இடதா, வலதா?" என்று கேட்டாள். மருத்துவமனை முழுக்க அந்த வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பேர் நிலைத்தது அதிலிருந்துதான்.

அவள் அங்கே வந்தது இருபத்து மூன்று வயதில். ஓவியப் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். 'வரையத் தெரிந்த ஆள் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்து, கதவகல அட்டைக்குள் தன் படங்களை எல்லாம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். மழையில் நனைந்த தெருக்கள், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், மொட்டை மாடிகள். தலைமை டாக்டர் அந்தக் கட்டை அவிழ்க்கவே இல்லை. ஒரு வெள்ளை வில்லையையும் தூரிகையையும் கொடுத்து, "என் கண்ணை இதுல வரைங்க பாப்போம்" என்றார்.

இரண்டு மணி நேரம் பிடித்தது. டாக்டர் வில்லையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் பார்த்தார்.

"நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

கட்டு பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

கறுப்புக் கண் என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்பதை அவள் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டாள். கறுப்பு என்று நாம் சொல்வதற்குள் தேன் நிறம் இருந்தது, துரு நிறம் இருந்தது, ஓரத்தில் ஒரு சாம்பல் வளையம் இருந்தது. சிலருக்குப் பாசிப் பச்சைகூட இருந்தது. மின்விளக்கில் இதெல்லாம் ஏமாற்றிவிடும். ஆகவே வடக்குப் பார்த்த ஜன்னலோரம், காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரைதான் வர்ணம் தொடுவாள். மற்ற நேரமெல்லாம் அச்சும் மெழுகும்.

இருபத்தேழு வயதில் கல்யாணம் ஆனது. அவர் நில அளவைத் துறையில் வேலை செய்தார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். நல்ல மனிதர்தான், குரல் உயர்த்தமாட்டார். நாலாவது வருஷம் ஒரு நாள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் சொன்னார்:

"நீ என்னைப் பார்க்கும்போது கண்ணைத்தான் பார்க்குற. என்னைப் பார்க்குறதே இல்ல."

"உங்க இடது கண்ணுல கீழ ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. தெரியுமா?" என்றாள் அவள்.

ஆசையாகத்தான் சொன்னாள். வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று சொல்வதைவிடப் பெரிய நெருக்கம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அவர் தூரத்து ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். மாதம் ஒரு தடவை வந்தவர், பிறகு விசேஷத்துக்கு வந்தார், பிறகு தபாலில் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் வந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாரோ என்னவோ. அவள் கூப்பிடவில்லை. எந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அதற்கப்புறம் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று வாழவில்லை. எல்லாம் நாலு நாலாக வைத்திருந்தாள், யாராவது வந்தால் இருக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி போன் செய்வான். "சாப்ட்டியாக்கா?" "ஆச்சு. நீ?" "இனிமேதான்." பிள்ளைகள் படிப்பு, அவன் மனைவியின் முதுகுவலி, வெயில். நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐந்தாவது நிமிஷத்துக்கு இருவரிடமும் விஷயம் இருக்காது. பாசம் இல்லாமல் இல்லை.

வேலையிலும் ஒரு விசித்திரம் இருந்தது. சமையல்காரர் செய்ததை ருசித்துப் பாராட்டுவார்கள். தையல்காரர் தைத்ததைத் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். இவள் செய்த கண் நன்றாக இருக்கிறது என்றால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு முறை துணிக்கடையில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். கணவர், மாமியார், நாத்தனார் என்று கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் வலது கண் இவள் செய்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு செய்தது. இவளுக்குத் தன்னை அறியாமல் முகம் மலர்ந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வைத்தும்விட்டாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. தலையை மிக லேசாக, இல்லை என்பது போல ஆட்டினாள். இவள் அப்படியே பக்கத்து அலமாரிக்குத் திரும்பி, தேவையே இல்லாத ஒரு படுக்கை விரிப்பை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் மேல் இவளுக்குக் கோபம் இல்லை. புகுந்த வீட்டுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அத்தனை பேர் தினமும் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை என்றால் கைக்கு அதைவிடப் பாராட்டு வேறென்ன? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆனால் அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்க மனசு வரவில்லை.

லாரி மெக்கானிக் வந்தபோது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். இரும்புத் துணுக்கு தெறித்து இடது கண் போயிருந்தது. மனைவி இறந்து மூன்று வருஷம். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. எவ்வளவு தேய்த்தும் போகாது போல. சாதாரணமாக நாலு தடவை வந்தால் போதும். இவருக்குக் குழி சரியாக ஆறவில்லை. ஏழு தடவை வர வேண்டியிருந்தது.

வாய் ஓயாத மனிதர். அச்சு எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்.

"அசையாதீங்க. நேரா பாருங்க" என்பாள்.

"வாய்தானே அசையுது, மேடம்? கண்ணு அசையலையே?"

"வாய் அசைஞ்சா கண்ணும் அசையும்."

"நம்ம வண்டியிலயும் அப்படித்தான். எங்கயோ ஒரு நட்டு லூஸா இருக்கும், வேற எங்கயோ சத்தம் கேக்கும்."

நாலாவது தடவை வர்ணம் தொடும் நாள். போன கண்ணில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா, புள்ளி, மச்சம், நிறம் ஏதாவது, என்று எல்லோரிடமும் கேட்பதுபோல் அவரிடமும் கேட்டாள். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் யோசித்தார்.

"தெரியாது, மேடம். கண்ணாடி முன்னாடி நின்னு என் கண்ணை நானே எப்பப் பார்த்தேன்? ஷேவ் பண்ணும்போது தாடையைப் பார்ப்பேன். அவ்வளவுதான். அதைப் பார்த்தவ ஒருத்திதான். அவளும் போயிட்டா."

அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். ஜன்னல் கம்பியில் யாரோ உலர்த்தியிருந்த கைத்துணி ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தாள்.

அன்றைக்குத்தான் அவர் அதைக் கேட்டார்.

"இம்புட்டு நல்லா வரையுறீங்களே, உங்களுக்குன்னு ஏதாவது வரைவீங்களா?"

"எனக்குன்னா?"

"யாரோட கண்ணையும் பார்த்து இல்லாம. சும்மா. உங்க இஷ்டத்துக்கு."

"நேரமில்லைங்க" என்றாள்.

அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் ஒன்றுதான் அவளிடம் கொட்டிக் கிடந்தது.

கண் பொருத்திய நாளில் அவர் கைக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். அப்புறம், "ஆறு மாசத்துல பாலிஷ் போட வரணும்னு சொன்னீங்கல்ல? வந்துடுறேன். அப்ப நீங்க வரைஞ்சதைக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே அவள் காகிதம் வாங்கினாள். கெட்டியான ரகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் விரித்து வைத்து எதிரே உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக எதிரே ஒரு கண் இருந்தது. இப்போது வெறும் சுவர். கை தானாக ஒரு வட்டம் போட்டது. அதற்குள் ஒரு கண்ணை வரைந்தது. யாருடைய கண் என்று பார்த்தாள். யாருடையதும் இல்லை. கிழித்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறும் வட்டம்தான் வந்தது. பெரிதாக ஒரு கோடு இழுக்கலாம் என்றால் தோள் ஒத்துழைக்கவில்லை. முன்னொரு காலத்தில் துறைமுகத்தை வரைந்த தோள்தான் அது. இப்போது மணிக்கட்டுக்கு மேல் எதுவும் அசைய மறுத்தது. சரி, வட்டத்திலேயே வரைவோம் என்று விட்டுவிட்டாள். பொத்தான் அளவு வட்டத்துக்குள் சமையலறைக் குழாயை வரைந்தாள். அதன் நுனியில் விழப் போகும் சொட்டையும் வரைந்தாள். அடுத்த வட்டத்தில் எதிர்வீட்டுக் கொடியில் தொங்கும் ஒற்றைச் சாக்ஸ். அடுத்ததில் மாடிப்படியின் மூன்றாவது வளைவு. பல்லி. அணைத்த விளக்கு. எழுந்து பார்த்தபோது வெளிச்சம் போயிருந்தது. மதியம் சாப்பிட மறந்திருந்தாள்.

ஆறு மாதத்தில் முன்னூறு வட்டங்கள் சேர்ந்தன.

தம்பி ஒரு தடவை வந்தபோது பார்த்தான். "நல்லாருக்குக்கா. ஆனா எதுக்கு இவ்வளவு சின்னதா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியல." அவன் மனைவி ஒன்றைச் சுட்டி, "இது எங்க வீட்டுக் கேட்டு மாதிரி இருக்கு" என்றாள். அது கேட்டு இல்லை, சீப்பு. இவள் திருத்தவில்லை.

ஆறு மாதம் முடிந்து, ஏழு முடிந்து, ஒரு வருஷமும் ஆயிற்று. மெக்கானிக் வரவில்லை. பாலிஷ் போடாவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி இமையை உறுத்தும். அது அவருடைய கஷ்டம். ஆனால் தன் மனசை உறுத்துவது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மருத்துவமனை அட்டையில் அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டாள். சிறந்ததாகப் பட்ட பத்துத் தாள்களை ஒரு உறையில் போட்டு, பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, இந்த வயதில் இதென்ன கூத்து என்று சிரிப்பு வந்தது. இறங்கும்போது தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

முகவரியில் இருந்த பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்தில் டயர் விற்பவரைக் கேட்டதற்கு, "அது மூடி ரொம்ப நாளாச்சே. அவரு மெயின் ரோட்டுல பெரிய கம்பெனியில சேர்ந்துட்டாரு" என்றார். நடந்தாள். பெரிய கொட்டகை, ஏழெட்டு லாரிகள், ஏதோ ஓர் எஞ்சின் நிற்காமல் ஓடும் சத்தம். மூன்றாவது லாரிக்கு அடியிலிருந்து அவர் ஊர்ந்து வெளியே வந்தார். கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. எந்த வண்டி?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. மருத்துவமனையின் புது விதிப்படி, சில வருஷமாக வேலை நேரத்தில் அவள் நீலத் தொப்பி போட்டிருப்பாள், முகமூடி கட்டியிருப்பாள், கண்ணுக்குப் பெரிதாக்கும் கண்ணாடி. ஏழு தடவை, ஒரு சாண் தூரத்தில் அவருடைய முகத்தை இவள் பார்த்திருக்கிறாள். புருவத்தில் எந்த முடி நரைத்தது என்றுகூடத் தெரியும். அவர் இவளுடைய முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வண்டி இல்லைங்க" என்றாள். எஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடவில்லை.

"வழி தவறிட்டீங்களா? பஸ் ஸ்டாப்பா?" என்று கேட்டபடி அவரே வாசல் வரைக்கும் நடந்துவந்து, வெயிலில் நின்று கையை நீட்டினார். "அந்தா, அந்தப் பச்சைக் கட்டடம் தெரியுதா..."

வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. இரண்டு கண்ணும் பக்கம் பக்கமாக இருந்தன. நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. ஆனால் படலம் மங்கியிருந்தது. கீழ் இமை சிவந்திருந்தது. அவர் முகத்தைத் திருப்பப் போனார்.

"அசையாதீங்க. நேரா பாருங்க" என்றாள்.

அவர் நின்றுவிட்டார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

"கண்ணு மேடமா?"

"ம்."

அவர் முகம் ஒரு நொடி விரிந்தது. அடுத்த நொடி திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க, மேடம். இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வண்டியைத் தொட விடமாட்டாங்க. ஒத்தக் கண்ணை வச்சு இவன் என்ன பண்ணுவான்னு சொல்லிடுவாங்க. அதான் லீவு போட்டு வரமுடியல. ஆஸ்பத்திரின்னா எதுக்குன்னு கேப்பாங்க."

"உறுத்துதா?"

"உறுத்தும். பழகிடுச்சு."

"பழகக் கூடாது. புண்ணாயிடும். சனிக்கிழமையும் இருப்பேன். சனிக்கிழமை வாங்க."

"வர்றேன்" என்றார். பிறகு, "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார்.

உறை பைக்குள் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் உள்ளேயிருந்து யாரோ, "பெரியவரே, ஸ்பானர் எங்க வச்சீங்க?" என்று கூப்பிட்டார்கள். அவர் தோள் திடுக்கென்று குலுங்கியதைப் பார்த்தாள். தான் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருக்குப் பயம் என்று புரிந்தது.

"ஆமாங்க. அதுக்குத்தான்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அந்த ஊரை விட்டே போயிருக்கலாம். அவள் மறுபடி தேடிப் போகவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வந்த அன்று ஒன்று நடந்தது. நெரிசலில் நின்றுகொண்டு வந்தவள், உட்கார இடம் கிடைத்ததும் பையைத் திறந்து தாள்களைத் தானே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருக்கோ காட்ட எடுத்துவந்த படங்களை முதல் தடவையாக, காட்டப்போவதில்லை என்று தெரிந்தபின் பார்த்தாள். பாதிக்குப் பாதி சுமார். பல்லி ரொம்பச் சுமார். குழாய்ச் சொட்டு மட்டும் அசல். அது விழுந்துவிடும் போலவும் இருந்தது, ஒருபோதும் விழாது போலவும் இருந்தது. 'இதை நான்தான் வரைந்தேன்' என்று நினைத்துக்கொண்டாள். துக்கமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றாள். வழியனுப்புக் கூட்டத்தில் யாரோ கணக்குப் போட்டு நாலாயிரத்துச் சொச்சம் கண்கள் என்றார்கள். கைதட்டினார்கள். தலைமை டாக்டர் மாறி எத்தனையோ பேர் ஆகியிருந்தது. புதியவர் அவளை ஆய்வகப் பிரிவில் வேலை பார்த்தவர் என்று அறிமுகப்படுத்தினார்.

வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், செய்தித்தாள் படிக்கிற அறையின் ஒரு சுவர் காலியாகக் கிடந்தது. நூலகர் கண்டிப்பான பெண். "ஒரு வாரம். ஆணி அடிக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். நாற்பது தாள்களை நூலில் கோத்துக் கவ்வி போட்டுத் தொங்கவிட்டாள் இவள். பெயர் போடவில்லை. கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள், செய்தித்தாளுக்கு. இரண்டாம் நாள் தம்பி குடும்பத்தோடு வந்து கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, மழைக்கு ஒதுங்கினாளோ என்னவோ, சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஒரு வட்டத்தைப் பார்த்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். நாற்பது தாளையும், மூக்கு உரசுகிற தூரத்தில், ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனாள். வேர்த்தது. திரும்பி இவளைப் பார்த்து, "இங்க ஃபேன் சுவிட்ச் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள்.

இவள் எழுந்துபோய்ப் போட்டாள்.

"தாங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள்.

இவள் நாற்காலிக்குத் திரும்பவில்லை. ஃபேன் காற்றில் தாள்கள் படபடத்தன. ஒவ்வொன்றாக ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.